பெட்டி மூடியது, மஞ்சள் போகவில்லை!

இந்த இதழில் எல்லாமே கோத்தகிரிப் பக்கத்துச் சமாசாரம். மலையில் ஹோம்ஸ்டே பெருகியது. ஹோம்ஸ்டேக்கு ஒன்றாக இணையப் பக்கம் பெருகியது. பக்கத்துக்குப் பத்தாகத் துள்ளி எழும் குட்டிப் பெட்டிகளும் பெருகிவிட்டன. அனுப்பியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரையும் தொழிலையும் மட்டும் போட்டிருக்கிறேன். சிலருக்குக் குடும்ப மானம் இதில் அடங்கியிருக்கிறது.

கே: கோடநாடு சாலையில் நான்கு அறைகளோடு ஹோம்ஸ்டே நடத்துகிறேன். அக்கா மகன் இணையப் பக்கம் செய்து தந்தான். வாடகைப் பட்டியலில் அறையின் பெயரைத் தொட்டால் சின்னப் பெட்டி ஒன்று திறந்து, வெந்நீர் எத்தனை மணி வரை, ஹீட்டருக்குத் தனிக் காசா, ஜன்னலில் தேயிலைத் தோட்டம் தெரியுமா என்றெல்லாம் சொல்கிறது. திறந்ததும் அந்த வரிசை மஞ்சளாகிறது, மற்றவை மங்குகின்றன. மூடினால் மங்கல் போகிறது, மஞ்சள் போவதில்லை. நாலு அறையையும் பார்த்தவருக்கு நாலு வரிசையும் மஞ்சள். ஒருவர் போன் போட்டு, "மஞ்சள் அடிச்ச ரூம் எல்லாம் புக் ஆயிடுச்சாங்க?" என்கிறார்!
— ஹோம்ஸ்டே நடத்துபவர், கோத்தகிரி

ப: முதலில் அவரைத் திருப்பிக் கூப்பிட்டு ரூம் காலி என்று சொல்லிவிடுங்கள். நிரலை நாளைக்குக்கூடத் திருத்தலாம். வாடிக்கையாளர் நாளைக்குள் குன்னூரில் ரூம் போட்டுவிடுவார்.

உங்கள் அக்கா மகன் எழுதியதில், பெட்டி திறக்கும்போது மூன்று வேலை நடக்கிறது. பெட்டி தெரிகிறது, பக்கம் மங்குகிறது, வரிசை மஞ்சளாகிறது. மூடும்போது நடப்பது இரண்டுதான். மூன்றாவதை எழுத மறந்துவிட்டார். டூல்டிப் எனப்படும் இந்தப் பெட்டி மறைந்தால், அது செய்துவைத்த அலங்காரமும் கூடவே மறையும் என்று பலர் நினைக்கிறார்கள். மஞ்சள் எழுதப்பட்டது வரிசையின் மேல். பெட்டி போனாலும் வரிசை அங்கேயேதான் இருக்கும், எழுதிய மஞ்சளோடு.

நீலகிரியில் 2022 மே முதல் ஒரு நடைமுறை இருக்கிறது, சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதால் வந்தது. டாஸ்மாக்கில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் அதைத் திருப்பித் தருகிறார்கள். நீங்கள் வாங்கிப்போன பாட்டிலை மட்டும்தான் கேட்கிறார்கள். சோலைக்காட்டைப் பழையபடி நட்டு வளர்த்துக் கொடுங்கள் என்று யாரும் கேட்பதில்லை. டூல்டிப்புக்கும் அவ்வளவுதான் கடமை. தான் கொண்டுவந்ததைத் தானே எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

கே: நான்தான் அந்த அக்கா மகன். சித்தி ஊருக்கே சொல்லிவிட்டார். சரி, மூடும் பகுதியில் 'பின்னணி வெள்ளை' என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். மஞ்சள் போயே போய்விட்டது. இப்போதாவது பாராட்டுவீர்களா?
— கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

ப: மஞ்சள் போனது, வெள்ளை வந்தது. அங்கே முன்பு இருந்தது வெள்ளை என்று யார் சொன்னது தம்பி? உங்கள் பட்டியலில் ஒன்றுவிட்டு ஒரு வரிசைக்கு இளம்பச்சை கொடுத்திருக்கிறீர்கள். தொட்டு மூடிய வரிசையில் அந்தப் பச்சை காலி. ராத்திரியில் கைபேசியை டார்க் மோடில் வைத்திருப்பவருக்கு இன்னும் மோசம். எழுத்தும் வெள்ளை, பின்னணியும் வெள்ளை. சித்தியின் மிக நல்ல அறை கண்ணுக்கே தெரியாது.

ஜாவாஸ்கிரிப்ட் வழியாக ஓர் உறுப்பின் மேல் நேரடியாக எழுதும் ஸ்டைல், ஸ்டைல்ஷீட்டில் இருக்கும் விதிகளை அமுக்கிவிடும். 'இம்பார்ட்டன்ட்' போட்ட விதி மட்டும்தான் அதை எதிர்த்து நிற்கும். ஆனால் அமுக்குமே தவிர அழிக்காது. 1994-ல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது ஹோகோன் வியும் லீ முன்மொழிந்து, 1996 டிசம்பரில் முதல் தரநிலையாக வெளிவந்த சிஎஸ்எஸ் என்ற ஸ்டைல்ஷீட் மொழியின் அஸ்திவாரமே இதுதான். பல இடத்திலிருந்து வரும் விதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். மேலே இருப்பதை எடுத்தால் அடுத்தது தானாக வெளியே தெரியும்.

ஆகவே வெள்ளை என்று எழுதாதீர்கள், பச்சை என்றும் எழுதாதீர்கள். பின்னணி நிறத்துக்கு வெற்று மேற்கோள் குறியைக் கொடுங்கள். அல்லது ரிமூவ்ப்ராப்பர்ட்டியை அழையுங்கள். இளம்பச்சை தானே திரும்பி வரும். அதைவிட உத்தமம், மஞ்சளை ஸ்டைல்ஷீட்டில் ஒரு கிளாஸாக எழுதிவைத்து, திறக்கும்போது சேர்த்து, மூடும்போது நீக்குவது. நாளைக்குச் சித்தி மஞ்சள் வேண்டாம், ஊதா வை என்றால் ஒரே இடத்தில் மாற்றலாம். சொல்வார், பாருங்கள்.

கே: கோத்தகிரிக்கு எந்த மாதம் வரலாம்?
— சென்னை வாசகர்

ப: கூட்டம் பிடிக்கும் என்றால் மே. நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி நடக்கும் மாதம். பிடிக்காது என்றால் மே தவிர எப்போது வேண்டுமானாலும்.

கே: கிளாஸ் எல்லாம் சரி. என்னுடையது வேறு வழி. திறப்பதற்கு முன் அந்த உறுப்பின் நிறம், அகலம், எழுத்தளவு எல்லாவற்றையும் உலாவியிடம் கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். மூடும்போது குறித்ததை அப்படியே திருப்பி எழுதுகிறேன். இதில் என்ன தப்பு கண்டுபிடிப்பீர்கள்?
— வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்ப்பவர், கட்டபெட்டு

ப: இரண்டு தப்பு. இரண்டும் பெரியவை.

முதலாவது, நீங்கள் கேட்டது எதை? கெட்கம்ப்யூட்டட்ஸ்டைலைக் கேட்டிருப்பீர்கள். அது 'இந்த நொடியில், இந்தத் திரையில், இந்த உறுப்பு எப்படி இருக்கிறது' என்று கணக்குப் போட்டுச் சொல்லும். அகலம் நூறு சதவீதம் என்று ஸ்டைல்ஷீட்டில் இருக்கும். அது 812 பிக்ஸல் என்று விடை கொடுக்கும். நீங்கள் மூடும்போது 812 பிக்ஸல் என்று உறுப்பின் மேலேயே எழுதிவிடுகிறீர்கள். கைபேசியைப் படுக்கை வாட்டத்தில் பிடித்திருந்தவர் நிமிர்த்துகிறார். பக்கம் முழுக்கச் சுருங்குகிறது, உங்கள் பட்டியல் மட்டும் 812-ஐ விடுவேனா என்று திரைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. பார்க்கும் நேரத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது போலவே தெரியும். அடுத்த மாற்றம் வரும்போதுதான் குட்டு வெளிப்படும்.

குறித்து வைத்தே தீருவேன் என்றால், உறுப்பின் மேல் முன்பே நேரடியாக எழுதியிருந்த ஸ்டைலை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது காலியாகத்தான் இருக்கும். காலி என்றால் மூடும்போது நீக்குங்கள், இருந்தால் இருந்ததைப் போடுங்கள். பூட்ஸ்டிராப் என்ற நூலகம் தன் மோடல் பெட்டியைத் திறக்கும்போது பாடி உறுப்பின் வலப்புற இடைவெளியை இப்படித்தான் ஒரு டேட்டா பண்பில் எழுதிவைத்து, மூடும்போது திருப்பிப் போடுகிறது.

இரண்டாவது தப்பு அவசரக்காரர்களால் வருவது. பெட்டி திறந்திருக்கும்போதே மறுபடி திறக்கும் கட்டளை வந்தால்? நிரல் மறுபடியும் 'பழைய நிறம் என்ன' என்று கேட்கும். பதில், மஞ்சள். இனி எத்தனை தரம் மூடினாலும் மஞ்சளையே பழைய நிறம் என்று பக்தியோடு திருப்பி வைக்கும். கிளாஸை இரண்டு தடவை சேர்த்தாலும் ஒன்றாகத்தான் இருக்கும், ஒரு தடவை நீக்கினால் போய்விடும்.

கே: எங்கள் தாத்தா சிறு தேயிலை விவசாயி. பச்சைத் தேயிலை விலையை மாதவாரியாகக் காட்டும் பக்கம் ஒன்று செய்தேன். ஒரு மாதத்தைத் தொட்டால் விளக்கப் பெட்டி திறக்கும். இடம் வேண்டுமே என்று கீழ் வரிசையை டிஸ்ப்ளே நன் கொடுத்து மறைக்கிறேன். மூடும்போது டிஸ்ப்ளே பிளாக் கொடுத்துத் திரும்ப அழைக்கிறேன். வருகிறது, ஆனால் கோணலாக வருகிறது. விலை எல்லாம் மாதத்துக்குக் கீழே போய் ஒண்டிக்கொள்கிறது.
— டிப்ளமோ மாணவர், நெடுகுளா

ப: மறைத்தது சரி, திரும்ப அழைத்த பெயர்தான் தப்பு. பட்டியல் வரிசையின் இயல்பான டிஸ்ப்ளே 'டேபிள்-ரோ'. பிளாக் என்று அழைத்ததும் அது வரிசை என்ற பதவியை ராஜினாமா செய்துவிடுகிறது. அதற்குள் இருக்கும் கட்டங்களுக்கு, மேலே உள்ள தலைப்புகளோடு அகலத்தைப் பொருத்திக்கொள்ளும் கட்டாயம் இல்லாமல் போகிறது. 'டேபிள்-ரோ' என்று எழுதினாலும் இன்றைக்குச் சரியாகும். நாளைக்கு அதே நிரலை ஃபிளெக்ஸ் பெட்டிக்கோ கிரிட்டுக்கோ பயன்படுத்தினால் மறுபடி கோணல். வெற்று மேற்கோள் குறி போதும். அது எதுவாக இருந்ததோ அதுவாகத் திரும்பும். ஜேக்வெரி நூலகத்தின் ஹைட், ஷோ இரண்டும் இந்தத் தொல்லைக்காகவே பழைய டிஸ்ப்ளேயை ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி எழுதப்பட்டவை.

இன்னொன்று. தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் விலை ஒன்று, தொழிற்சாலை கையில் கொடுப்பது ஒன்று என்றால், இரண்டையும் பட்டியலிலேயே பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். தாத்தா பெட்டியைத் தொட்டுத் திறந்து பார்க்க மாட்டார். பார்க்க வேண்டியது அவர்தான்.

கே: இந்தக் குதிக்கிற பெட்டியை எல்லாம் யார் கண்டுபிடித்தது? கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்பேன்.
— ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், அரவேணு

ப: இரண்டு பரம்பரை இருக்கிறது ஐயா, இரண்டையும் கலக்கக் கூடாது. ஒன்று நல்ல குடும்பம். 1991-ல் ஆப்பிள் தன் சிஸ்டம் 7-ல் 'பலூன் ஹெல்ப்' என்று கொண்டுவந்தது. சுட்டியை எதன்மேல் வைத்தாலும் அது என்ன என்று ஒரு பலூன் விளக்கும். டூல்டிப் அந்த வழி. மற்றது 1990-களின் பிற்பகுதியில் விளம்பரத்துக்காகத் தனி ஜன்னலாகத் திறந்த பாப்-அப். டிரைபாட் என்ற இணையதளத்தில் வேலை பார்த்த ஈதன் சக்கர்மேன் எழுதியது. ஒரு கார் கம்பெனியின் விளம்பரம் ஆபாசப் பக்கம் ஒன்றில் போய் உட்கார்ந்துவிட, கம்பெனி கொதித்தது. விளம்பரத்தைப் பக்கத்திலிருந்து பிரித்துத் தனி ஜன்னலில் போட்டால் பழி வராது என்று அவர் கணக்குப் போட்டார். 2014-ல் அட்லாண்டிக் இதழில் கட்டுரை எழுதிப் பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டுவிட்டார். ஆகவே உங்கள் நாலு வார்த்தையில் இரண்டைக் குறைத்துக்கொள்ளலாம்.

கே: பெட்டி திறக்கும்போது பின்னால் பக்கம் நகரக் கூடாது என்று பாடிக்கு ஓவர்ஃப்ளோ ஹிடன் கொடுத்தேன். மூடும் பொத்தானை அழுத்தினால் அதை நீக்கவும் செய்கிறேன். இருந்தும் "உங்க பக்கம் பாதியில நின்னுடுது, கீழே போக மாட்டேங்குது" என்று புகார் வருகிறது. என் கணினியில் ஒரு தடவைகூட அப்படி ஆகவில்லை.
— சுற்றுலா வேன் வைத்திருப்பவர், டானிங்டன்

ப: உங்கள் கணினியில் ஆகாது, ஏனென்றால் நீங்கள் நல்ல பிள்ளையாக மூடும் பொத்தானைத் தேடி அழுத்துகிறீர்கள். வருகிறவர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. ஒருவர் எஸ்கேப் விசையைத் தட்டுகிறார். ஒருவர் பெட்டிக்கு வெளியே எங்கேயோ தொடுகிறார். ஒருவர் டேப் விசையால் அடுத்த இணைப்புக்குப் போய்விடுகிறார். நீங்கள் பயன்படுத்தும் நூலகம் எல்லோருக்கும் பெட்டியை மூடிக் கொடுத்துவிடுகிறது. திருப்பி வைக்கும் வேலையை மட்டும் நீங்கள் பொத்தானில் கட்டிவைத்திருக்கிறீர்கள். மற்ற வழியில் போனவர்களுக்குப் பெட்டி போயிற்று, பூட்டு இருக்கிறது.

பொத்தானிலிருந்து அதை அவிழ்த்து, 'மூடியாகிவிட்டது' என்று பெட்டியே அறிவிக்கும் நிகழ்வில் கட்டுங்கள். ஏறக்குறைய எல்லா நூலகத்திலும் அப்படி ஒன்று உண்டு. பூட்ஸ்டிராப் டூல்டிப்பில் 'ஹிடன்', டிப்பி நூலகத்தில் 'ஆன்ஹிடன்', உலாவியின் சொந்த டயலாக் உறுப்பில் 'குளோஸ்'. எந்த வழியாக மூடினாலும் அந்த அறிவிப்பு வரும். நீங்களே கையால் எழுதிய பெட்டி என்றால், மூடுவதற்கென்று ஒரே ஒரு ஃபங்ஷன் வையுங்கள். பொத்தான், எஸ்கேப், வெளியே தொடுதல் எல்லாம் அதையே கூப்பிடட்டும். மூடும் வேலையை நாலு இடத்தில் எழுதினால் மூன்றில் சரியாக இருக்கும். நாலாவதில்தான் உங்கள் வாடிக்கையாளர் இருப்பார்.

கே: மூடியதும் பக்கம் தலைப்புக்கு ஓடிவிடுகிறது. ஏன்?
— அதே வேன்காரர்

ப: ஐபோனில் ஓவர்ஃப்ளோ ஹிடன் கேட்கவில்லை என்று பாடிக்குப் பொசிஷன் ஃபிக்ஸ்ட் கொடுத்திருப்பீர்கள். கொடுத்த நொடியில் ஸ்க்ரோல் பூஜ்யம் ஆகிவிடும். திறக்கும் முன் எந்த இடத்தில் இருந்தோம் என்பதைக் குறித்துக்கொண்டு, மூடியபின் ஸ்க்ரோல்டூ கொடுத்து அங்கேயே கொண்டுவிடுங்கள். கட்டபெட்டு அன்பரிடம் குறித்து வைக்காதீர்கள் என்றேனே, அதற்கு இது விலக்கு. ஸ்க்ரோல் இடத்தை எந்த ஸ்டைல்ஷீட்டும் ஞாபகம் வைத்திருக்காது.

கே: மூடும்போது பெட்டி மெல்லக் கரைந்து மறைய வேண்டும் என்று டிரான்சிஷன் வைத்தேன். கரைந்து முடிந்ததும் டிரான்சிஷன்எண்ட் நிகழ்வில் நிறத்தை நீக்குகிறேன். சிலருக்கு மட்டும் நிறம் நிரந்தரமாகிவிடுகிறது.
— வடிவமைப்பாளர், குன்னூர்

ப: அந்தச் சிலர் தங்கள் கைபேசி அமைப்பில் 'அசைவைக் குறை' என்று போட்டிருப்பார்கள், நீங்களும் நல்ல மனதோடு அவர்களுக்கு டிரான்சிஷனை பூஜ்யம் ஆக்கியிருப்பீர்கள். கரைவதே நடக்கவில்லை என்றால் கரைந்து முடிந்ததாக யார் வந்து சொல்வது? பாதி கரைந்துகொண்டிருக்கும்போதே பெட்டிக்கு டிஸ்ப்ளே நன் விழுந்தாலும் அந்த நிகழ்வு வராது. நிறத்தை நீக்குவதை மூடும் கட்டளையிலேயே செய்துவிடுங்கள். கரைவது அழகுக்கு, அது நடந்தாலும் நடக்காவிட்டாலும் கணக்கு நேராக வேண்டும்.

கே: பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சொல், இரண்டுக்கும் டூல்டிப். சுட்டியை வேகமாக ஓட்டினால் யாருமே இல்லாத இடத்தில் ஒரு பெட்டி திறந்து நிற்கிறது.
— தேயிலைக் கடைக்காரர், கோத்தகிரி பஜார்

ப: திறக்க அரை நொடி தாமதம் வைத்திருக்கிறீர்கள். சுட்டி சொல்லின் மேல் வந்தது, டைமர் ஓட ஆரம்பித்தது. அரை நொடிக்குள் சுட்டி போய்விட்டது, 'மூடு' வந்தது. திறக்காததை எப்படி மூடுவது, நிரல் சும்மா இருந்துவிட்டது. அப்புறம் டைமர் முடிந்து, பெட்டி சாவகாசமாகத் திறக்கிறது. மூடச் சொல்ல இனி யாரும் வரப்போவதில்லை. மூடும் ஃபங்ஷனின் முதல் வரியில் கிளியர்டைம்அவுட் போடுங்கள். கையோடு, மவுஸ்அவுட் என்று இருந்தால் மவுஸ்லீவ் என்று மாற்றுங்கள். மவுஸ்அவுட் உள்ளே இருக்கும் குழந்தை உறுப்பிலிருந்து நகர்ந்தாலும் கத்தும், பெட்டி சிமிட்டிக்கொண்டே இருக்கும்.

கே: கணினியில் எல்லாம் சரி. கைபேசியில் விரலை எடுத்த பிறகும் நிறம் ஒட்டிக்கொண்டு நிற்கிறதே?
— கல்லூரி மாணவி, ஊட்டி

ப: விரலுக்கு ஹோவர் என்று ஒன்று கிடையாது. பழைய பக்கங்கள் வேலை செய்ய வேண்டுமே என்று உலாவி பாவனை செய்கிறது. தொட்டால் சுட்டி வந்ததாகச் சொல்லும். எடுத்தால் போனதாகச் சொல்லாது, வேறு எங்காவது தொட்டால்தான் சொல்லும். ஹோவர் விதிகளை 'ஹோவர் வசதி உள்ள சாதனத்துக்கு மட்டும்' என்ற மீடியா கேள்விக்குள் போடுங்கள். கைபேசிக்குத் தொட்டால் திறக்க, வெளியே தொட்டால் மூட என்று தனியாக எழுதுங்கள்.

கே: எனக்குப் பார்வை இல்லை. திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக் உதவியால் கைபேசி பயன்படுத்துகிறேன். ஒரு பக்கத்தில் விளக்கப் பெட்டியை மூடியபின் எதைத் தொட்டாலும் பேச்சே வரவில்லை. கூட இருந்த தங்கை, "பக்கம் நல்லாத்தான் இருக்கு" என்கிறாள்.
— வானொலி ரசிகர், கோத்தகிரி

ப: இருவர் சொல்வதும் உண்மை. பெட்டி திறக்கும்போது பின்னால் உள்ள பகுதிக்கு ஏரியா-ஹிடன் அல்லது இனெர்ட் என்ற பண்பைக் கொடுப்பார்கள், கவனம் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும் என்று. மூடும்போது நிறத்தையும் மங்கலையும் சரிபார்த்தவர்கள், ஏரியா-ஹிடனை நீக்க மறந்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற மிச்சமென்றால் யாராவது புகார் சொல்வார்கள். இந்த மிச்சம் உங்கள் ஒருவருக்கு மட்டுமே தெரிகிறது, மற்றவர்கள் நம்பக்கூட மாட்டார்கள்.

பக்கம் செய்கிறவர்களுக்கு இதோ கறாராக. மூடியதும் ஃபோகஸ், பெட்டியைத் திறந்த அதே சொல்லுக்குத் திரும்ப வேண்டும். பக்கத்தின் தலைப்புக்குத் தூக்கி எறியக் கூடாது. சுட்டியிலோ ஃபோகஸிலோ திறக்கும் பெட்டிகளுக்கென்றே, 2018 ஜூனில் வந்த டபிள்யூசிஏஜி 2.1 என்ற இணைய அணுகல் நெறியில் 1.4.13 என்ற விதி இருக்கிறது. சுட்டியையோ ஃபோகஸையோ நகர்த்தாமலே பெட்டியை மூட வழி வேண்டும், பெரும்பாலும் அது எஸ்கேப் விசை. சுட்டியைப் பெட்டியின் மேலேயே கொண்டுபோனால் பெட்டி ஓடக் கூடாது. படிக்கிறவர் விலகும்வரை அல்லது மூடும்வரை தானாக மறையவும் கூடாது. மூன்று வினாடியில் மறையும் டூல்டிப்பைப் படித்து முடிக்க, எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் ஒருவருக்கு முப்பது வினாடி வேண்டியிருக்கும்.

கே: இ-பாஸ் விவரத்தை ஒரு சின்ன 'ஐ' பொத்தானில் டூல்டிப்பாக வைத்திருக்கிறேன். அழகாக இருக்கிறது.
— ரிசார்ட் மேலாளர், கோத்தகிரி

ப: எடுத்துவிடுங்கள். 2024 மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனத்துக்கு இ-பாஸ் வேண்டும். அதை அறியாமல் ஒரு குடும்பம் இரவெல்லாம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு உங்களுக்குப் போன் செய்யும். அப்போது 'ஐ பொத்தானைத் தொட்டுப் பார்த்திருக்கலாமே' என்பீர்களா? தெரியாவிட்டால் நஷ்டம் வரும் எந்தச் செய்தியையும் டூல்டிப்பில் ஒளிக்கக் கூடாது. பெரிய எழுத்தில், அறை வாடகைக்கு மேலே.

கே: பக்கத்திலிருந்து வேறு இணைப்புக்குப் போய், பின் பொத்தானில் திரும்பி வந்தால் மங்கலோடு வருகிறது.
— புகைப்படக்காரர், கேத்தரின் நீர்வீழ்ச்சிச் சாலை

ப: உலாவி உங்கள் பக்கத்தை அப்படியே நினைவில் வைத்திருந்து, அப்படியே எடுத்துக் கொடுக்கிறது. பெட்டிக்குள் இருந்த இணைப்பைத் தொட்டுப் போயிருப்பார்கள், மூடும் நேரமே வரவில்லை. பேஜ்ஹைட் நிகழ்வில் மூடும் ஃபங்ஷனை ஒரு தடவை கூப்பிட்டுவிட்டால் தீர்ந்தது.

கே: மறுபடியும் அக்கா மகன். திறந்தால் இதைச் செய், மூடினால் அதை நீக்கு என்று எழுதுவதே இல்லாமல் ஒரு வழி கிடையாதா? சோம்பேறி என்று சித்தி சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.
— கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

ப: இந்த விஷயத்தில் சோம்பேறிதான் கெட்டிக்காரன். உலாவிகளிலேயே இப்போது பாப்ஓவர் வசதி வந்துவிட்டது. குரோமில் 2023 மே, சஃபாரியில் அதே ஆண்டு செப்டம்பர், ஃபயர்ஃபாக்ஸில் 2024 ஏப்ரல். பெட்டிக்குப் பாப்ஓவர் என்று ஒரு பண்பு கொடுத்து, பொத்தானில் அதன் பெயரைச் சொன்னால் போதும். திறப்பது, எஸ்கேப்பில் மூடுவது, வெளியே தொட்டால் மூடுவது எல்லாம் உலாவியின் பாடு.

மஞ்சளுக்கு வருவோம். 2023 டிசம்பரில் ஃபயர்ஃபாக்ஸும் சேர்ந்ததோடு 'ஹேஸ்' என்ற தேர்வுக்குறி எல்லா முக்கிய உலாவியிலும் வந்துவிட்டது. 'திறந்த பாப்ஓவர் தனக்குள் உள்ள வரிசைக்கு மஞ்சள்' என்று ஸ்டைல்ஷீட்டில் ஒரே ஒரு விதி எழுதுங்கள். பெட்டி திறந்திருக்கும்வரை விதி பொருந்தும், மஞ்சள். மூடியதும் விதி பொருந்தாது, இளம்பச்சை. நீக்கும் வரி என்று ஒன்றே கிடையாது, ஆகவே மறக்கவும் முடியாது. 'திறந்த டயலாக் உள்ள பாடிக்கு ஓவர்ஃப்ளோ ஹிடன்' என்று எழுதினால் வேன்காரர் பிரச்சினையும் இதே முறையில் தீரும். டயலாக் உறுப்பை ஷோமோடல் என்று திறந்திருந்தால், மூடும்போது ஃபோகஸைப் பழைய இடத்துக்கே அனுப்பும் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்கிறது.

பழைய கைபேசியோடு வருகிறவருக்கு ஹேஸ் தெரியாது, மஞ்சள் வராது. வராமல் போனால் யாரும் அழப்போவதில்லை. வந்து போகாமல் நின்றால்தான் போன் வரும்.

கே: எந்த வரி நிறத்தை எழுதுகிறது என்றே தெரியவில்லை. யாரோ எழுதிய நிரல், நூலகங்கள் மட்டும் ஏழெட்டு. எங்கே தேடுவது?
— பகுதிநேர வெப் டிசைனர், குன்னூர்

ப: தேடாதீர்கள், பொறி வையுங்கள். குரோமின் டெவ்டூல்ஸில் எலிமென்ட்ஸ் பகுதியில் அந்த வரிசையின் மேல் வலது கிளிக் செய்து, 'பிரேக் ஆன்' என்பதில் பண்பு மாற்றம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இனி எந்த வரி அந்த உறுப்பின் ஸ்டைலையோ கிளாஸையோ தொட்டாலும் ஓட்டம் அங்கேயே நிற்கும், கையும் களவுமாக. டெவ்டூல்ஸைத் தொடப் போனாலே டூல்டிப் மூடிக்கொள்கிறது என்றால், மூன்று வினாடி கழித்து டிபக்கர் என்று கன்சோலில் ஒரு டைமர் வைத்துவிட்டு, அதற்குள் சுட்டியைச் சொல்லின் மேல் கொண்டுபோய் நிறுத்துங்கள். பெட்டி திறந்தபடியே உறைந்து நிற்கும்.

கே: எல்லாக் கேள்வியையும் படித்தேன். நாலு அறைக்கு நாலு டூல்டிப், அதை மூட நாற்பது வரி. வெந்நீர் ஏழு மணி வரை என்று பட்டியலிலேயே எழுதினால் ஆகாதா?
— ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், அரவேணு

ப: ஆகும் ஐயா. நாலு அறைக்கு அதுதான் சரி. நாற்பது அறை, பத்து வசதி என்று பட்டியல் நீளும்போது டூல்டிப் வையுங்கள், அதுவரை வேண்டாம். சித்தியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், நான் சொன்னால் அக்கா மகன் கோபித்துக்கொள்வார்.

அடுத்த முறை கேள்வி அனுப்புகிறவர்கள் ஓர் உதவி செய்யுங்கள். 'மூடினால் போகவில்லை' என்று மட்டும் எழுதாமல், எப்படி மூடினீர்கள் என்றும் எழுதுங்கள். பொத்தானா, எஸ்கேப்பா, வெளியே தொட்டா, பின் பொத்தானா? எந்தக் கைபேசி, எந்த உலாவி? பாதிப் பதில் அதிலேயே இருக்கும்.